கேலரி சரிபார்ப்பு அலுவலர்

கொரட்டூர் ஏரியை ஒட்டிய எங்கள் அடுக்ககத்தில் வீடுகள் நாற்பத்தெட்டு. நலச் சங்கத்திடம் இருந்த ரப்பர் ஸ்டாம்புகள் ஐம்பத்தொன்று. சங்கத் தலைவர் லோகநாதன் முப்பத்தைந்து ஆண்டுகள் அரசாங்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மூன்றாம் நாளே, "இந்தக் கட்டடத்துல ஒரு நடைமுறையே இல்லையே" என்று மனம் நொந்து சங்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அதற்கு முன் இங்கே மனிதர்கள் நடைமுறை இல்லாமலே வாழ்ந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடல் நடுங்குகிறது.

மொட்டை மாடியில் காயப்போட்ட துணி பறந்து வேறொரு வீட்டு பால்கனியில் விழுந்தால், அதைத் திரும்ப வாங்க ஒரு படிவம் உண்டு. துணியின் நிறம், விழுந்த நேரம், காற்றடித்த திசை எல்லாம் எழுத வேண்டும். என் மனைவி சௌம்யா 'திசை தெரியவில்லை' என்று எழுதிவிட்டாள். அந்தத் தலையணை உறை இன்றுவரை சங்கத்தின் பீரோவில்தான் இருக்கிறது. விசாரணை நிலுவையில் உள்ளதாம்.

நான் விருதுநகர்க்காரன். பெயர் திருமுருகன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். தலையணை உறை போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிற ஆள். சங்கத்திடம் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் மகள் ரோஷினிக்காக ஒரு சாய்தளம்.

ரோஷினிக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வருடங்களுக்கு முன் முதுகுத்தண்டில் வந்த நோயில் கால்கள் போய்விட்டன. சக்கர நாற்காலியில் ஊரையே சுற்றுவாள். வீட்டிலிருந்து லிஃப்ட்டில் கீழே இறங்குவதுவரை யார் தயவும் வேண்டாம். ஆனால் ஏரி நிரம்பினால் வெள்ளம் வரும் என்று, கட்டடத்தை ஐந்து படி உயர்த்திக் கட்டியிருந்தார்கள். லிஃப்ட்டுக்கும் வாசலுக்கும் நடுவே அந்த ஐந்து படி. எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனதிலிருந்து தனியாகப் பாரம் தூக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால் நாற்காலியின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் கோபி.

கோபி எங்கள் எதிர்வீடு. அண்ணனூர் கார்ஷெட்டில் மின்ரயில் பழுது பார்க்கிற வேலை. மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்தவன். காலை ஏழே முக்காலுக்கு ஸ்கூல் வேன் வரும். ஏழு நாற்பதுக்கு அவன் வந்து நிற்பான். இரவு ஷிஃப்ட் முடிந்து கண் சிவக்க வந்த நாளிலும் நின்றிருக்கிறான். "இன்னா கண்ணு, ராணி ரெடியா? பல்லக்கு தூக்க ஆள் வந்தாச்சு" என்பான். ஒன்றரை வருடம் இப்படித் தூக்கியிருக்கிறான். இந்த ஊரில் எனக்கென்று ஒரு கூடப்பிறந்தவன் கிடைத்துவிட்டான் என்று நான் விருதுநகருக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறேன். அதை இப்போது எழுதவே வாய் கசக்கிறது.

ஸ்கிரீன் ரெக்கார்டு செய்யக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான்.

சங்கக் கூட்டங்கள் ஞாயிறு காலை பதினோரு மணிக்கு போனிலேயே வீடியோவில் நடக்கும். ஜூலை மாதக் கூட்டத்தில் சாய்தளம் ஏழாவது பொருளாக வந்திருந்தது. அதற்கு முன் நான் நாலு முறை மனுக் கொடுத்து, நாலும் 'காகித அளவு சரியில்லை' என்று திரும்பி வந்திருந்தன. கோபி என் போனை வாங்கி, மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினான்.

"இந்த ரவுண்டு பட்டன் கீதே, அத்த அமுத்து. ஸ்கிரீன்ல இன்னா ஓடுதோ அல்லாத்தையும் புடிச்சி வச்சிக்கும். பெருசு இன்னிக்கு ஒண்ணு சொல்லும், நாளிக்கு இல்லன்னும். நீ பாட்டுக்கு ரெக்கார்டு பண்ணிகினே இரு மாமே."

அழுத்தினேன். ஏழாவது பொருள் வந்தது. லோகநாதன் திரை முழுக்க முகத்தைக் கொண்டுவந்து உருகினார்.

"ஒரு குழந்தையோட கண்ணீரைத் துடைக்காத சங்கம் ஒரு சங்கமா? ஆகஸ்ட் பதினஞ்சு, கொடியேத்துற அன்னிக்கு, படிக்கு இடப்பக்கம் சாய்தளம் திறக்கப்படும். இது என் வாக்கு. நான் வாக்குக் கொடுத்தா கொடுத்ததுதான். யார் வீட்டுலயோ குக்கர் சத்தம் வருது, தயவுசெஞ்சு ம்யூட் பண்ணுங்க."

திரை முழுக்கக் கைதட்டல் பொம்மைகள் பறந்தன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ரோஷினி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு ஒரே ஓர் உறுத்தல்தான். படிக்கு இடப்பக்கம் கார் நிறுத்துகிற மூன்றாம் நம்பர் இடம் கோபியுடையது. அவன் வேலைக்குப் போவது ரயிலில். கார் மாதம் ஒருமுறை திருவேற்காடு கோயில்வரை போய் வரும். இருந்தாலும் அவன் இடம் அவன் இடம்தானே? அன்று மதியமே போய்க் கேட்டேன். ரோஷினியும் கூட வந்தாள்.

"காரு இன்னா காரு மாமே, ரோட்ல நின்னுக்கும். பாப்பாவுக்கு மிஞ்சினதா அது?" என்றான் கோபி. ரோஷினி தலையில் கை வைத்து ஆட்டினான்.

பத்து நாளில் கூட்டக் குறிப்பு வந்தது. ஆறாவது பொருள், குப்பைத் தொட்டிக்கு மூடி. எட்டாவது பொருள், நன்றியுரை. நடுவில் ஏழு இல்லை. அச்சுப் பிழை என்று நினைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அலுவலகம் என்பது ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருக்கிற தடுப்பு. லோகநாதனோடு டிஜிட்டல் செயலாளர் விக்ரமும் இருந்தான். ஐ.டி. கம்பெனியில் வேலை, வயது இருபத்தொன்பது, எதைச் சொன்னாலும் 'ப்ராசஸ்' என்பான்.

"ஏழாவது பொருளா?" என்றார் லோகநாதன். "அப்படி ஒண்ணு விவாதிக்கப்பட்டதா என் நினைவில் இல்லையே. ஆதாரம் இருக்கா?"

இருக்கிறது சார் என்று மகிழ்ச்சியாகப் போனைக் காட்டினேன். அவர் முகம், அவர் குரல், அவர் வாக்கு, அந்த குக்கர் சத்தம். முழுதும் ஓடி முடிந்தது. ஆதாரம் கேட்டார், கொடுத்துவிட்டேன், இனி கொத்தனாரைக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இது எப்படி உங்ககிட்ட வந்தது?" என்றார் அவர்.

அந்த நொடியோடு சாய்தளம் என்ற சொல் எங்கள் அடுக்ககத்திலிருந்து காணாமல் போயிற்று. அதற்குப் பதில் 'திரைப்பதிவு' என்ற சொல் வந்தது. அடுத்த ஞாயிறே மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு கார் நிறுத்துமிடத்தில் கூடியது. மேசைக்குப் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு சொம்பில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அது நான் குடிப்பதற்கல்ல, ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் விரலை நனைத்துக்கொள்வதற்கு என்றார்கள். ஏன் என்று கேட்டேன். நடைமுறை என்றார்கள். சாட்சிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்த கோபிக்கு அன்றைக்கென்று ஷிஃப்ட் மாறிவிட்டது.

லோகநாதன் எழுந்தார்.

"நான் சொன்னதை நான் மறுக்கலை. சொன்னேன். ஆனா சொல்றது வேற, சொன்னதை ஒருத்தர் எடுத்து வெச்சுக்கிறது வேற. பேச்சு காத்துல கரையத்தான் ஆண்டவன் அதைக் காத்துல வெச்சிருக்கான். முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் ஆயிரக்கணக்கான பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். ஒருத்தராவது அதைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வந்தது உண்டா? கிடையாது. அதுக்குப் பேர்தான் நம்பிக்கை! அந்த நம்பிக்கையை உடைச்சிட்டீங்களே, திருமுருகன்!"

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கூடியிருந்தவர்களில் சிலருக்கும் கலங்கியது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது என்றால் நம்புவீர்களா? நாலு பேர் முன்னால் ஒரு பெரிய மனிதரை அழவைத்துவிட்டோமே என்று, மூன்று பிரதிகளில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சாய்தளம் பற்றிக் கேட்க மறந்தே போனேன்.

மறுநாள் சுற்றறிக்கை எண் 118 வந்தது. சங்கக் கூட்டங்களின் திரைப்பதிவு எவரிடமும் இருக்கக் கூடாது. இல்லை என்பதை ஒவ்வொரு வீடும் நிரூபிக்க வேண்டும். எப்படி நிரூபிப்பது? தத்தம் போனில் கேலரியைத் திறந்து, முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை நகர்த்திக் காட்டி, அதைத் திரைப்பதிவு செய்து சங்கத்துக்கு அனுப்ப வேண்டும்.

பி பிளாக்கில் இருக்கிற ஜமீலா கணக்கு டீச்சர். விளக்கக் கூட்டத்தில் அவர்தான் கையைத் தூக்கினார்.

"சார், அந்தப் பதிவும் போய் கேலரியிலதானே உக்காரும்? அப்ப கேலரியில ஒரு திரைப்பதிவு இருக்குன்னு ஆயிடுமே?"

விக்ரம் கொஞ்சம் யோசித்தான். "அதை டெலீட் பண்ணிட்டு, டெலீட் ஆனதைக் காட்டி இன்னொரு ரெக்கார்டிங் அனுப்பணும் மேடம். அதான் ப்ராசஸ்."

"அந்த இன்னொண்ணு?"

"அதுக்கு இன்னொண்ணு."

"இதுக்கு முடிவே இருக்காதே?"

"ஒரு நடைமுறைக்கு முடிவு இருக்கணும்னு எந்த விதியிலயும் சொல்லலையேம்மா" என்றார் லோகநாதன் அமைதியாக.

ஆனாலும் ஜமீலா டீச்சர் விடவில்லை. ஒரு மணி நேர வாதத்துக்குப் பின், பதிவு இல்லை என்பதைக் காட்டும் பதிவு பதிவாகக் கருதப்படாது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதற்காக 'இது பதிவு அல்ல' என்று ஐம்பத்திரண்டாவது ஸ்டாம்ப் செய்தார்கள். வீடியோவின் மேல் மை ஒட்டாது என்பதால், ஸ்டாம்ப் குத்திய காகிதத்தைப் போனின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு வாரம் கொரட்டூர் ஸ்டேஷனில், முதுகில் ஊதா முத்திரையோடு போன் பேசுகிறவர்கள் எல்லாம் எங்கள் கட்டடத்துக்காரர்கள் என்று அடையாளம் தெரிந்தது. சி பிளாக்கில் பட்டன் போன் வைத்திருக்கிற பெரியவர் மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல், தன் போனை நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் வரைந்து கொடுத்தார். நன்றாகவே வரைந்திருந்தார்.

வந்து குவிந்த வீடியோக்களை யார் பார்ப்பது? லோகநாதன் என்னைக் கூப்பிட்டார்.

"தப்புப் பண்ணவருக்குத் திருந்த ஒரு வாய்ப்புக் கொடுக்கணும். அதோட நீங்க கம்பெனியில குவாலிட்டிதானே? குறை கண்டுபிடிக்கிறது உங்களுக்குக் கைவந்த கலை."

கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார். கேலரி சரிபார்ப்பு அலுவலர். இதை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் அவர் மனம் இளகி சாய்தளம் வந்துவிடும் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். வேறு வழி இல்லாதவன் எதையும் நம்புவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தேன். நாற்பத்தாறு வீடியோக்கள். ரோஷினியும் பக்கத்தில் நாற்காலியை நிறுத்திக்கொண்டாள். முதலில் எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒருவர் போன் முழுக்கத் தன் மூக்கைப் படம் எடுத்து வைத்திருந்தார். ஒரு வீட்டில் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்கள் மட்டும் இரண்டாயிரத்து நானூறு. விக்ரம் போனில் அவன் மேனேஜரின் மொட்டைத்தலை விதவிதமான கோணத்தில் இருந்தது. இதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்பா என்றாள் ரோஷினி.

ஒன்பதாவது வீடியோ. ஏ பிளாக் முதல் மாடி அம்மாவின் போன். பூரி, பூரிக்கிழங்கு, மறுபடி பூரி என்று படங்கள் போய்க்கொண்டிருந்தபோது, மேலிருந்து ஒரு மெசேஜ் இறங்கியது. வாட்ஸ்அப் வந்தால் திரையின் உச்சியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகுமே, அதுதான். அதையும் ரெக்கார்டிங் பிடித்து வைத்திருந்தது. குழுவின் பெயர்: 'சாய்தளம் வேண்டாம் – குடும்பங்கள்'. அனுப்பியவர் லோகநாதன். 'யாரும் பதற்றப்பட வேண்டாம். விஷயம் திசை மாறிவிட்டது.'

நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று பின்னால் ஓட்டிப் பார்த்தேன். ரோஷினி என்னைவிட வேகமாகப் படிப்பாள்.

"அடுத்தது போடுப்பா" என்றாள்.

பதினொன்றாவதில் அதே குழு. பதிமூன்றில், பதினான்கில். சங்கம் எல்லோரையும் ஒரே மாலையில் பதிவு செய்யச் சொல்லியிருந்தது. அந்த மாலைதான் அந்தக் குழுவிலும் பேச்சு சூடாக நடந்திருக்கிறது. ஒவ்வொருவரும் தன் போனில் ஒளித்து வைக்க எதுவும் இல்லை என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே, உச்சியிலிருந்து அது இறங்கி இறங்கி வந்தது. 'கட்டடத்தோட அழகு போயிடும்.' 'ராம்ப் வெச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், நாளைக்கு விலை போகுமா?' 'பாவம்தான், ஆனா ஒருத்தருக்காக எல்லாரும் கஷ்டப்படணுமா?' பாவம்தான் என்று எழுதியது தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கை டப்பாவோடு வாங்கிப் போகிறவர். எண்ணிப் பார்த்ததில் அதுவரை நாற்பத்தொரு வீடு அந்தக் குழுவில் இருந்தது. ஜமீலா டீச்சர் இல்லை. பென்சில் பெரியவர் இல்லை. இன்னும் மூன்று நாலு பேர் இல்லை. ரோஷினி சிரிப்பதை எப்போது நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை.

கோபியின் வீடியோ கடைசியாக இருந்தது. ஷிஃப்ட் முடிந்து தாமதமாக அனுப்பியிருந்தான். அவன் இருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். அவன் வீடியோவைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்றுதான் போட்டேன்.

மச்சினி கல்யாணப் படங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. மேலிருந்து மெசேஜ் இறங்கியது. லோகநாதன்: 'கோபி, நீங்க கேட்டபடிதான் ஏழாவது பொருளை அப்பவே எடுத்தாச்சே.' அதைத் தள்ளிவிடத்தான் விரலை வைத்திருக்கிறான். பட்ட விரல் அதைத் திறந்துவிட்டது. குழு முழுதாக விரிந்தது. எட்டு நொடி. அதற்குள் அவன் அடித்துப் பிடித்து மூடிவிட்டு, இதை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று அப்படியே அனுப்பியிருக்கிறான். எட்டு நொடி போதும், நிறுத்தி நிறுத்திப் படித்தால்.

கோபி எழுதியிருந்தான்: 'சார் அந்த இடம் என்னுது. வெயில்ல நின்னா பெயிண்ட் பூடும். பாப்பாவ நான்தான டெய்லி தூக்குறேன். அது ஒண்ணும் வெயிட்டு இல்ல. நான் கீற வரைக்கும் ராம்ப் எதுக்கு சார். திருமுருகன் நல்ல மனுசன், மூஞ்சிக்கி நேரா சொல்ல முடியல. நீங்க பாத்து செய்ங்க.'

கீழே முப்பத்தைந்து பேர் கைகூப்பியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. முதலில் வெட்கம்தான் வந்தது. ஒன்றரை வருடமாக அவனுக்கு நன்றி சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன என் வாயை நினைத்து வெட்கம். ரோஷினி திரையைப் பார்த்தபடியே, "நான் வெயிட் இல்லையாம்ப்பா" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கீழே இறங்கிப் போனேன். மூன்றாம் நம்பரில் கோபி மஞ்சள் துணியால் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வா மாமே. அல்லாம் ஓகேவா? என் வீடியோல ஏடாகூடமா எதுனா கீதா? கல்யாணத்துல குத்தாட்டம் போட்டது கீதுன்னு நெனிக்கிறேன்."

"க்ரூப் தெறந்துருச்சு கோபி."

துணி நின்றது. அவன் என்னைப் பார்க்கவில்லை, கார்க் கண்ணாடியைப் பார்த்தான்.

"ரோஷினியும் படிச்சா" என்றேன்.

"பாப்பா வேற பாத்துச்சா?" துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். "கோச்சிக்காத மச்சான். நீ கேக்கசொல்ல பாப்பா பக்கத்துலயே குந்திகினு இருந்துச்சி. அத்த வச்சிகினு எப்டி முடியாதுன்றது? சரி, நான் இன்னா தூக்க மாட்டேன்னா சொன்னேன்? ஆயுசுக்கும் தூக்குறேன். ஒரு நாள் வராம உட்டுகிறனா?"

"அவ ஆயுசு முழுக்க உன் ஷிஃப்ட்டப் பாத்துட்டுத்தான் வெளிய போகணுமா?"

"இன்னா இப்டி பேசுற? நான் கீறேன்ல?"

"நீ இருக்கறதுதாண்டா இப்ப பிரச்சினை."

அவனுக்குப் புரியவே இல்லை. உண்மையான குழப்பத்தோடு கேட்டான்: "அப்ப நாளிக்குக் காத்தால யாரு மாமே தூக்குவா?"

அவன் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. திரும்பி வந்துவிட்டேன்.

மாலை செயற்குழுவில் என் அறிக்கையைக் கொடுத்தேன். நாற்பத்தாறு கேலரிகளிலும் கூட்டத்தின் திரைப்பதிவு எதுவும் இல்லை, ஆனால் நாற்பத்திரண்டு வீடு சேர்ந்து ஒரு குழந்தைக்கு எதிராக வைத்திருக்கிற குழு ஒன்று இருக்கிறது என்று எழுதியிருந்தேன். லோகநாதன் முதல் பாதியை உரக்கப் படித்துவிட்டு, கைதட்டலுக்காக நிறுத்தினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"சரிபார்ப்பு அலுவலரோட அதிகாரம் கேலரிக்குள்ள மட்டும்தான். மேல இருந்து இறங்குறது கேலரியில சேராது. அதைப் படிச்சது வரம்பு மீறல். இருந்தாலும் நான் பெருந்தன்மையா விடறேன். ஒண்ணு சொல்லட்டுமா? அந்தக் குழுவுல உங்களை ஏன் சேர்க்கலை தெரியுமா? உங்க மனசு புண்படக் கூடாதுன்னு. நாற்பத்திரண்டு குடும்பம், ஒரு குழந்தை வருத்தப்படக் கூடாதுன்னு இத்தனை நாள் மூச்சுவிடாம ரகசியத்தைக் காப்பாத்தியிருக்காங்க. இப்படி ஒரு பண்பை வேற எந்தக் காலனியில பார்ப்பீங்க?"

"வெக்கமா இல்லையா உங்களுக்கெல்லாம்?" என்று ஜமீலா டீச்சர் கத்தினார். வெட்கம் அன்றைய பொருள் பட்டியலில் இல்லை என்பதால் அது குறிப்பில் ஏறவில்லை. என் கழுத்து அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு ரசீது கொடுத்தார்கள்.

மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு லிஃப்ட் கதவு திறந்தபோது கோபி வழக்கம்போல நின்றுகொண்டிருந்தான். எதுவும் நடக்காததுபோல் கையைத் தேய்த்தான். பல்லக்கு என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"வேணாம் அங்கிள்" என்றாள் ரோஷினி.

நாற்காலியைப் படியின் விளிம்புவரை ஓட்டி, பிரேக்கைப் போட்டாள். கைகளை ஊன்றித் தரையில் இறங்கி உட்கார்ந்தாள். ஒரு கையால் கால்களை எடுத்துக் கீழ்ப்படியில் வைத்தாள், பிறகு உடம்பை இறக்கினாள். நான் பிடிக்கப் போனேன். "நாற்காலிய மட்டும் கொண்டுவாப்பா" என்றாள். இரண்டாம் படி. மூன்றாம் படி. துவைத்துத் தேய்த்த யூனிஃபார்ம் பாவாடையில் தூசி அப்பியது. வேலைக்குக் கிளம்பியவர்கள் நின்றார்கள். பால்கனிகளில் தலைகள் முளைத்தன. பிறகு ஒவ்வொரு கையிலும் போன் மேலே எழுந்தது. முதுகில் 'இது பதிவு அல்ல' என்ற முத்திரையோடு இருபது போன்கள் என் மகளைப் படம் பிடித்தன. அவள் கீழே போய்ச் சேர்ந்ததும் யாரோ கைதட்டினார்கள். வேன்காரர் மட்டும் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார்.

பத்து மணிக்குள் அந்த வீடியோ சங்கக் குழுவில் பின்னணி இசையோடு சுற்ற ஆரம்பித்தது. 'தன்னம்பிக்கைச் சிறுமி', 'எங்கள் பெருமை' என்று எழுதி நெருப்பு பொம்மை போட்டிருந்தார்கள். முறுக்கு டப்பாக்காரர் மூன்று முறை போட்டிருந்தார். மதியம் சுற்றறிக்கை எண் 121 வந்தது.

'ஏ பிளாக் செல்வி ரோஷினி இன்று காலை பிறர் உதவியின்றிப் படிகளில் இறங்கியதைச் சங்கம் பெருமையுடன் பாராட்டுகிறது. பயனாளியே மாற்று ஏற்பாடு செய்துகொண்டுவிட்டதால் சாய்தளம் தொடர்பான கோரிக்கை முடித்து வைக்கப்படுகிறது. ஆகஸ்ட் பதினைந்து அன்று மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப்படும். மேடைக்குப் படிகள் நான்கு.'

கம்பெனி கேன்டீனில் அதைப் படித்தேன். தட்டில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, பர்மிஷன் போட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். ஏறும்போதாவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

நாலரைக்கு வேன் வந்தது. ஏறுவது இறங்குவதைப்போல இல்லை. படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்னால் இருக்கிற படியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, மொத்த உடம்பையும் கைகளால் மேலே தள்ள வேண்டும். முதல் படிக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது, நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. காலையில் நின்ற இருபது போன்களில் ஒன்றைக்கூடக் காணவில்லை. பால்கனிகளில் துணிதான் காய்ந்துகொண்டிருந்தது.

கோபி மட்டும் ஷிஃப்ட் முடிந்து வந்தவன் எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு மேலே மூன்றாம் படியில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. அதை நான் பார்த்தேன், மறைக்க மாட்டேன்.

"வா கண்ணு. போதும். அங்கிள் தூக்கிடறேன். அங்கிள்மேல கோவம் வாணாம்."

ரோஷினி தலையை அண்ணாந்து அவனைப் பார்த்தாள். இரண்டாம் படியில் ஊன்றிய கைகளை அவள் எடுக்கவில்லை.

"அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றாள். "நீங்க நின்னா நான் ஏற முடியாது."

கோபி நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினான். அவள் இரண்டாம் படிக்குத் தன்னை ஏற்றினாள். இன்னும் மூன்று படி இருந்தது.